சிற்றிலும் ஆடுகளமும்

பிள்ளைத்தமிழ் என்பது தமிழிலுள்ள சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகக் கொண்டு, அக்குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவது அதன் மரபு. அப்பத்தனுள் இறுதி மூன்றும் விளையாட்டுக்கு உரியவை. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கும், அம்மானை, நீராடல், ஊசல் என்பன பெண்பாற் பிள்ளைத்தமிழுக்கும் உரியனவாக வரும். குழந்தை வளர்வதற்கு உணவும் உறக்கமும் போலவே விளையாட்டும் வேண்டும் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

திருச்செந்தூர் முருகன்மீது பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழ் பலரும் அறிந்தது. இத்தகைய நூல்களின் சிற்றிற் பருவத்தில், சிறுமியர் மணலால் வீடு கட்டி விளையாடுவர். தலைவனாகிய சிறுவன் ஓடிவந்து அதனைக் காலால் அழிக்க முற்படுவான். அழிக்க வேண்டா என அவர்கள் அவனை இரந்து நிற்பர். புலவர்கள் பக்திச் சுவை தோன்றப் பாடிய இக்காட்சியில் உலகியல் உண்மை ஒன்றும் அடங்கியுள்ளது. வலியவரும் எளியவரும் ஒரே மணலில் விளையாடினால், முதலில் அழிவது எளியவரின் விளையாட்டே ஆகும். ஊரில் விளையாட்டிடம் அமைப்போர் இவ்வுண்மையை மறத்தல் கூடாது.

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில் சாத்தான்குளம் என்னும் பேரூர் உள்ளது. அதனைச் சூழ்ந்த நிலப்பகுதியில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் பனைமரங்களும் மிகுதி. அவ்வூரில் 60 மீட்டர் நீளமும் 40 மீட்டர் அகலமும் உள்ள சிறு பூங்கா ஒன்றைச் சீர்திருத்தி, விளையாட்டிடமும் ஆடுகளமும் அமைக்கும் பொறுப்பு உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் முதலிற் செய்யவேண்டிய பணி யாது?

அளவு நாடாவை எடுப்பதற்கு முன் கண்ணைத் திறந்து பார்ப்பதே முதற்பணி. சென்னை ஆளுநராக இருந்த பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பினால் 1914ஆம் ஆண்டு இந்தியா வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். முதலில் ஊரை ஆராய்க, பின்னரே திட்டம் வகுக்க என்பது அவர் வற்புறுத்திய நெறி. எனவே, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் அப்பூங்காவுக்கு யார் யார் வருகின்றனர் என்பதை ஒரு வாரம் நோக்கிக் குறித்தல் வேண்டும். வாராதவர் யார், அவர் வாராமைக்குக் காரணம் யாது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். சிறுமியர் வாராமைக்குக் கழிப்பறை இன்மை காரணமாகலாம். முதியோர் வாராமைக்கு நிழலின்மை காரணமாகலாம். தாய்மார் குழந்தைகளை அழைத்து வாராமைக்குப் பந்து வந்து தாக்கும் என்ற அச்சம் காரணமாகலாம்.

அடுத்தது அளத்தல். பூங்காவின் பரப்பு 2,400 சதுர மீட்டர். ஏறத்தாழ 59 சென்று. கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. சுற்றிலும் 3 மீட்டர் வெற்றிடம் விட்டால் அதற்கு 360 சதுர மீட்டர் வேண்டும். ஆடவர் கபடிக்களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அதற்கும் அவ்வாறே வெற்றிடம் விட்டால் 304 சதுர மீட்டர் ஆகும். இவ்விரண்டும் சேர்ந்து பூங்காவின் காற்பங்கைச் சற்றே விஞ்சும். கூடைப்பந்துக்களமும் வேண்டும் என விரும்பினால், 28 மீட்டருக்கு 15 மீட்டர் களத்தோடு சுற்றிலும் 2 மீட்டர் சேர்த்து 608 சதுர மீட்டர் தேவைப்படும். அப்போது பூங்காவிற் பாதிக்கு மேல் ஆடுகளமாகிவிடும். எஞ்சிய இடத்தில் மரமும் நடைபாதையும் கழிப்பறையும் அமைந்தபின், சிற்றில் கட்டும் குழந்தைக்கு மதிலோரமே மிஞ்சும். ஆதலால் எல்லாவற்றையும் சேர்க்க விழையாது, சிலவற்றைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

இவ்வாறு கூறுவதால் ஆடுகளம் வேண்டா என்று எண்ணற்க. இதே மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரிற் பிறந்த கணேசன், 1994ஆம் ஆண்டு இரோசிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடி, அருச்சுனா விருதும் பெற்றார். சிற்றூர்க் களங்கள் பெருவீரர்களை உருவாக்க வல்லன. அந்த வாய்ப்பு பெண்களுக்கும் கிட்டுமாறு களத்தை அமைக்க வேண்டும். கைப்பந்து வலையின் உயரம் ஆடவர்க்கு 2.43 மீட்டர், மகளிர்க்கு 2.24 மீட்டர். வலையை ஏற்றி இறக்கும் கொக்கி கம்பத்தில் இல்லையேல், அக்களம் ஆடவர்க்கு மட்டுமே உரியதாகிவிடும். ஒரு சிறு கொக்கி ஊரிற் பாதிப் பேரை உள்ளே அழைக்கவும் வெளியே நிறுத்தவும் வல்லது என்பதைக் காண்க.

நிலத்தின் இயல்பையும் அறிந்து செயற்படல் வேண்டும். களத்தின் நீளம் வடக்குத் தெற்காக அமைந்தால், காலை வெயிலும் மாலை வெயிலும் ஆடுவோர் கண்ணைக் கூசச் செய்யா. ஆனி, ஆடித் திங்களில் இப்பக்கத்தில் மேல்காற்று வலிமையாக வீசும். இறகுப்பந்து அக்காற்றில் நில்லாது. அதற்குக் கூரையுள்ள அரங்கமே ஏற்றது. தஞ்சையிலே தோன்றியதாகக் கூறப்படும் பூப்பந்து, கம்பளி நூற்பந்தால் ஆடப்படுவதாதலின் திறந்த வெளிக்கு அதனினும் பொருந்தும். செம்மணல் காலுக்கு மென்மையானது; ஆயினும் காற்றிற் பறக்கும். களிமண் கலந்து நீர் தெளித்து இறுக்கினால் கைப்பந்துக்களத்துக்கு உறுதி உண்டாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் தேங்காதிருக்க, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் தரை சரிந்திருத்தல் நலம். மேற்கெல்லையில் வேம்பும் புங்கும் பூவரசும் நட்டால் காற்றும் தணியும், மாலை நிழலும் கிட்டும்.

குழந்தைகளின் இடம் ஆடுகளங்களிலிருந்து விலகி, மரநிழலில், தாய்மார் அமரும் இருக்கைகளின் பார்வையில் இருத்தல் வேண்டும். இடையே இடுப்பளவு வேலி ஒன்று போதும். இரும்புச் சறுக்குமரம் வெயிலிற் கொதிக்கும். ஆதலின் அதனை வடக்கு நோக்கி, நிழலில் நிறுவுக. ஊஞ்சல் தொங்கும் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவு முன்னும் பின்னும் வெற்றிடமாக விடுக. அவற்றின் அடியில் ஓரடி ஆழத்துக்கு மென்மணல் பரப்புக.

இவ்வளவு சிறிய இடத்தில் என்ன செய்ய இயலும் என்று ஐயுறுவோர், நெதர்லாந்து நாட்டு ஆம்ஸ்டர்டாம் நகரின் வரலாற்றை அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அந்நகரில் குழந்தைகள் விளையாட இடமின்றி இருந்தனர். 1947ஆம் ஆண்டு ஆல்டோ வான் ஐக் என்னும் இளங்கட்டடக்கலைஞர், நகராட்சியின் பொருட்டு முதல் விளையாட்டிடத்தை அமைத்தார். அகன்ற விளிம்புடைய மணற்குழி, தாவிச் செல்லக் கற்கள், குட்டிக்கரணம் போடச் சில கம்பிகள் ஆகிய எளிய பொருள்களே அவர் பயன்படுத்தியவை. அதனைக் கண்ட பிற தெருவினர், எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதினர். தெருமூலைகளும் வெற்றுமனைகளும் விளையாட்டிடங்களாயின. 1978ஆம் ஆண்டுக்குள் அவை 700க்கு மேல் பெருகின. பெருஞ்செல்வத்தினும் சிறந்தது குழந்தையின் உள்ளம் அறிந்த திட்டமே என்பது இதனாற் புலனாகும்.

விளையாடும் உரிமையை 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை ஏற்றுள்ளது. இந்தியாவும் 1992ஆம் ஆண்டு அதில் இணைந்தது. தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காக்க 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. உள்ளாட்சி அமைப்புகள் அவற்றைப் பட்டியலிட வேண்டும் என்றும், பட்டியலில் இடம்பெற்ற நிலத்தை இசைவின்றி வேறு பயனுக்கு மாற்றலாகாது என்றும் அச்சட்டம் விதிக்கிறது.

ஆயினும், சட்டம் நிலத்தைக் காக்கும். ஊஞ்சலின் சங்கிலியைக் காப்பவர் நாமே. திங்களுக்கு ஒருமுறை மரையாணிகளைச் சோதித்தல், மணலைக் கிளறிக் கண்ணாடித் துண்டுகளை அகற்றல், கன்றுகளுக்கு நீர் வார்த்தல் ஆகியவற்றை மாணவர்களே முறைவைத்துச் செய்யலாம். சிறுமியர் ஆடும் நேரம், இளைஞர் ஆடும் நேரம் என வகுத்து வாயிலில் எழுதிவைத்து, அதனை மதித்தொழுகலாம். வலிமை மிக்கவன் தன் காலை ஒதுக்கி, எளியவரின் மணல்வீட்டுக்கு இடம் விடுவானாயின், அதுவே அவன் ஆடுகளத்திற் கற்கும் தலையாய பாடமாகும்.