ஒல்லாந்த உழவர் குடும்பம் ஒன்றின் வேர்கள்

ஒல்லாந்தர் என்றதும் எமது நினைவில் முதலில் எழுவது யாழ்ப்பாணக் கோட்டையாகும். 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், எமது தீவுகளுக்குத் தம் நாட்டு ஊர்ப்பெயர்களையே சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று; வேலணை லெய்டன் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. எம் பாட்டன்மார் வழங்கிய கந்தோர், லாச்சி, துட்டு ஆகிய சொற்களும் அவர்கள் விட்டுச் சென்றவையே. ஆயினும் யாழ்ப்பாண மண்ணில் அவர்கள் ஏர் பிடித்தாரல்லர். வரி வாங்கினர், யானை விற்றனர், தோம்பு எழுதினர். ஒல்லாந்தர் குடியேறி உழுத நிலத்தைக் காண வேண்டுமாயின் ஆபிரிக்காவின் தென்கோடிக்குச் செல்லல் வேண்டும். அங்கே வேரூன்றிய உழவர் குடும்பம் ஒன்றின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். தமிழ்நாட்டுக் கரையும் பிரெஞ்சு மொழியும் அதில் ஒருங்கே வந்து கலப்பதால், ஒபர்வில்லியேயில் தமிழ் பயிலும் எம் மாணவருக்கு அது முற்றிலும் அயலார் கதையன்று.

1652ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் யான் வான் றீபேக் என்பவரின் தலைமையில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் நன்னம்பிக்கை முனையில் இறங்கினர். நாடு பிடிப்பது அவர்களின் முதல் நோக்கமன்று. ஒல்லாந்திலிருந்து பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) செல்லும் கப்பல்கள் பல மாதங்கள் கடலிலே கழித்தன. புதிய காய்கறியும் பழமுமின்றி மாலுமிகள் முரசு வீங்கி, இரத்தம் கசிந்து மாண்டனர். அவர்களுக்குக் கீரையும் இறைச்சியும் நன்னீரும் கொடுக்க ஒரு தோட்டம் வேண்டியிருந்தது. கம்பனியின் தோட்டம் மட்டும் போதாமற்போகவே, 1657ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தம் ஊழியர் ஒன்பதின்மரை வேலையிலிருந்து விடுவித்து, லீஸ்பேக் ஆற்றோரத்தில் நிலம் வழங்கினர். தென்னாபிரிக்காவின் முதல் ஐரோப்பிய உழவர் இவர்களே. விளைந்த கோதுமையைக் கம்பனிக்கே, கம்பனி வைத்த விலைக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்நிலம் வெற்று நிலமன்று. கொய்கொய் மக்கள் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த புல்வெளி அது. 1659இல் போர் மூண்டது. மறு ஆண்டு சமாதானம் பேச வந்த கொய்கொய் தலைவர்கள், தாம் ஒல்லாந்து நாட்டுக்கு வந்தால் இவ்வாறு நிலம் பிடிக்க இடமளிப்பீர்களோ என்று வினவினர். இதனை எழுதி வைத்தவர் வான் றீபேக்கே என்பது கவனிக்கத்தக்கது.

உழவர் ஒன்பதின்மர் விடுதலை பெற்ற அதே பெப்ரவரி மாதத்தில், பத்தாவியாவிலிருந்து வந்த கப்பல் ஒன்றிலிருந்து கைதியான பெண்ணொருத்தி அங்கு இறக்கப்பட்டாள். கம்பனி ஏடுகள் அவளைப் 'பாலியகட்டாவிலிருந்து வந்த பெரிய கத்தரீன்' என்று குறிக்கின்றன. பாலியகட்டா என்பது, இன்று தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள பழவேற்காடு. தமிழும் தெலுங்கும் சந்திக்கும் அக்கரையில் ஒல்லாந்தர் 1613இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டி முடித்திருந்தனர். துணியே அவர்களின் பெருவணிகம். எனினும் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் மனிதரையும் விலைக்கு வாங்கினர். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாடு படையெடுப்பாலும் பசியாலும் சீரழிந்தபோது, சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கடல் கடந்தனர். இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டோரும் அவர்களுட் பலர்.

கத்தரீன் பத்தாவியாவில் தன்னைத் தாக்கிய ஒருவனை எதிர்த்தபோது அவன் இறந்தான். மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. நன்னம்பிக்கை முனையில் அவள் செய்த தொழில் தளபதி வீட்டு ஆடைகளை வெளுத்தல். கம்பனிப் படையில் ஒல்லாந்தரைப் போலவே ஜேர்மானியரும் நிறைந்திருந்தனர். அவர்களில் ஒருவனான ஹன்ஸ் கிறிஸ்தோபல் ஸ்னைமன் என்பவனுக்கும் கத்தரீனுக்கும் பிறந்த மகன் 1669ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றான். கிறிஸ்தோபல் என்பது அவன் பெயர். தந்தையுடன் அவன் வளரவில்லை. பிற்காலத்தில் விடுதலையடைந்த தாய், வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்டு விடுதலையான ஒருவரை மணந்தாள். அவ்வீட்டிலேயே சிறுவன் வளர்ந்தான். இருப்பினும் அவனுக்கு நிலைத்த குடும்பப்பெயர், வீட்டிலில்லாத சிப்பாய்த் தந்தையினுடையதே. தாயின் பிறப்புப்பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. 'கத்தரீன்' என்பது பிறர் இட்ட பெயர். அவளுக்குச் சொந்தமாக எஞ்சியது ஊர்ப்பெயர் மட்டுமே.

இனி இக்குடும்பத்தின் பிரெஞ்சுப் பக்கத்தைப் பார்ப்போம். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் நாந்து சாசனத்தை நீக்கியதை எம் மாணவர்கள் தத்தம் பாடசாலை வரலாற்று நூலிலே படித்திருப்பர். அதன்பின் புரொட்டஸ்தாந்து மதத்தினர் பெருந்தொகையாக நாட்டை விட்டு ஓடினர். அவர்களில் ஏறக்குறைய இருநூறு பேர் 1688ஆம் ஆண்டையொட்டி நன்னம்பிக்கை முனையை அடைந்தனர். அவர்களோடு வந்து சேர்ந்தவர் யாக் து சவுவா. பிரெஞ்சு பேசிய இவர், இன்று பெல்ஜியத்தில் உள்ள கெந்து நகரில் வணிகம் செய்தவர். கடை வைத்திருந்தவர் கலப்பை பிடிக்க நேர்ந்தது. அவருக்குக் கிடைத்த பண்ணை 'அமைதியும் மகிழ்வும்' என்னும் பொருள்பட ஒல்லாந்த மொழியில் பெயர் பெற்றது. அவருடைய மகள் மார்கரித்தை 1690ஆம் ஆண்டளவில் மணந்தவனே பழவேற்காட்டுக் கத்தரீனின் மகன் கிறிஸ்தோபல் ஸ்னைமன். இருவரும் ட்றாக்கன்ஸ்ரைன் பள்ளத்தாக்கில் நிலம் உழுது வாழ்ந்தனர். இன்று தென்னாபிரிக்காவில் பெருகிக் காணப்படும் ஸ்னைமன் குடும்பத்துக்கு மூதாதையர் இவர்களே. மகள் ஒருத்தி போத்தா குடும்பத்தில் மணம் புரிந்ததால் அக்கிளையிலும் இவ்வுறவு படர்ந்தது.

பிரெஞ்சு மொழிக்கு அங்கு நேர்ந்தது யாது? அகதிகளுடன் பியர் சிமோன் என்னும் போதகரும் வந்திருந்தார். தொடக்கத்தில் தம் மொழியிலேயே வழிபட்டனர். ஆனால் கம்பனி அவர்களை ஓரிடத்தில் குடியேற்றவில்லை. ஒல்லாந்த உழவரின் பண்ணைகளுக்கிடையே கலந்து நிலம் வழங்கியது. சிமோன் ஊர் திரும்ப விரும்பியபோது, அடுத்து வருபவர் ஒல்லாந்த மொழியிலேயே போதிக்க வேண்டும், பிள்ளைகளுக்கும் அம்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என 1701இல் கம்பனியின் மேலிடம் கட்டளையிட்டது. எவரையும் அடிக்கவில்லை; எவரது வாயையும் கட்டவில்லை. பள்ளியும் வழிபாடும் மாறின; அவ்வளவே. அரை நூற்றாண்டு கழித்து, 1750களின் தொடக்கத்தில் அங்கு வந்த பிரெஞ்சு வானியலறிஞர் லா காய், அகதிகளின் வழிவந்தோரில் நாற்பது வயதுக்குட்பட்டோர் பிரெஞ்சு பேசுவதில்லை எனக் கண்டார். து சவுவாவின் மொழி இருந்த இடத்தில் இன்று தங்கியிருப்பவை குடும்பப்பெயர்களும் பண்ணைப்பெயர்களுமே.

பழவேற்காட்டின் மொழிக்கு அரை நூற்றாண்டுகூடத் தேவைப்படவில்லை. கத்தரீனுக்குப் போதகரும் இல்லை, பள்ளியும் இல்லை. ஆபிரிக்கான்ஸ் மொழியில் கறியைக் குறிக்கும் 'கெரி' என்ற சொல்லில் எம் காதுக்குப் பழகிய ஓசையொன்று கேட்கின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கதை கொடிய திருப்பம் ஒன்றைக் கண்டது. ஒல்லாந்த உழவரின் வழித்தோன்றல்கள் தம்மைத் தூய வெள்ளையர் என்று கருதினர். வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. மறு ஆண்டுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிவு செய்தது. தொழிலும் வாழிடமும் வாக்குரிமையும் அப்பதிவின்படி அமைந்தன. 1980களில் ஹன்ஸ் ஹீசே என்ற வரலாற்றாசிரியர் பழைய கலப்பு மணங்களைப் பெயர் பெயராக நூலில் வெளியிட்டபோது நாட்டிலே கொந்தளிப்பு எழுந்தது. இனப்பதிவுச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. 2020இல் வெளியான மரபணு ஆய்வொன்று, ஆபிரிக்கானர் வம்சத்தில் சுமார் 5 விழுக்காடு ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தது எனவும், அதில் தெற்காசியாவுக்கும் பங்குண்டு எனவும் காட்டியது. கத்தரீனின் பெயரை மறைத்தவர்களின் உடலிலேயே அவள் இருந்திருக்கிறாள்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் படிவங்களில் தந்தையின் பெயரே எமக்குக் குடும்பப்பெயராகி விடுகின்றது. ஐம்பது ஆண்டுகளின் பின் ஒரு பேரப்பிள்ளை அப்படிவத்தை மட்டும் வைத்துத் தேடினால் அதில் பாட்டியின் ஊரோ, அழைத்த பெயரோ இராது. தோம்பும் உறுதியும் ஊரோடு எரிந்துபோன குடும்பங்கள் எம்மிடையே பல.

மேல் வகுப்பு மாணவர்க்குரிய பயிற்சி: தாயின் தாய், அவரின் தாய் ஆகிய இருவரின் முழுப்பெயர், வீட்டில் அழைத்த பெயர், பிறந்த ஊர், குறிச்சி என்பவற்றைக் கேட்டறிந்து தமிழ் எழுத்தில் எழுதுக. ஊரிலிருக்கும் மூத்தோரைத் தொலைபேசியில் கேட்கலாம். கிடைத்தவற்றை அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டு வருக.