உழவு இயந்திரம் நிற்கும் இடத்திற்குச் சல்லிக்கல்

மாரிமழை தொடங்கியதும், முற்றத்தில் நிறுத்திய உழவு இயந்திரத்தின் சில்லுகள் சேற்றிற் புதைவதையும் இரும்புப் பாகங்கள் துருப்பிடிப்பதையும் கமக்காரர் அறிவர். இதனைத் தடுக்கப் பலர் கிறவல் பரப்புகின்றனர். கிறவலிற் களி கலந்திருப்பதால், அது இறுகி நீரை மேலேயே தேக்கும். பாதைக்கு அது நன்று. இயந்திரம் நிற்கும் இடத்திற்கோ தூசி நீக்கிய முக்கால் அங்குலக் கருங்கற் சல்லியே ஏற்றது. கற்களின் இடைவெளிகளூடாக நீர் உடனே இறங்கிவிடும்.

இறங்கிய நீர் எங்கே செல்லும்? யாழ்ப்பாணத்துச் செம்மண் அதனை விரைவில் உறிஞ்சும். வயலோரக் களிமண் உறிஞ்சாது. அங்கே குழி தோண்டிச் சல்லி நிரப்பினால், அது கல் நிறைந்த தொட்டியாகவே முடியும். ஆகவே மேல்மண்ணை அகற்றி, அடிநிலத்தை 10 அடிக்கு 2 அங்குலம் சரியுமாறு இறுக்கி, தாழ்ந்த பக்கத்தில் வாய்க்காலொன்று வெட்டுதல் வேண்டும். அதன்மேற் சல்லியை 4 அங்குலத்திற்குக் குறையாது பரப்புக. நான்கு சில்லு இயந்திரமாயின், அடியிற் பெருங்கற்களால் ஒரு படை இடுதல் அவசியம்.

சல்லி, நீரைப் போலவே ஒழுகும் எண்ணெயையும் கீழே விடும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்றை எளிதில் அடையும். எனவே கிணற்றுக்கு அண்மையில் இத்தளத்தை அமைத்தலாகாது. எஞ்சினின் கீழ் ஒரு தகரத் தட்டும் வைத்தல் வேண்டும்.