கத்திரி வெயிலும் எண்ணெய் முகமும்: பார்லர் தொடங்கியிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பயிற்சி முடித்துச் சொந்தமாகப் பார்லர் போட்டிருக்கிறாய். சித்திரை பிறந்து வெயில் ஏறியதும், நாற்காலியில் வந்து உட்காருகிற பலரும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: "முகமெல்லாம் எண்ணெய் வழியுது, ஏதாவது பண்ணுங்க." அதற்குத் தொழிலில் ஒரு தயார்ப் பதில் இருக்கிறது. நன்றாக ஸ்டீம் கொடுப்பது, ஸ்க்ரப் போட்டுத் தேய்ப்பது, மூக்கை அழுத்திப் பிளாக்ஹெட் எடுப்பது, முல்தானி மிட்டி பேக் போட்டு வெடிக்கும்வரை காயவிடுவது, கடைசியில் சுள்ளென்று எரிகிற டோனர். கஸ்டமர் முகத்தைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகப் போவார், இரண்டு நாளில் அதே புகாரோடு போன் செய்வார். இந்தக் கடிதம் அந்தத் தயார்ப் பதிலுக்கு எதிரானது. எண்ணெய் சுரக்கும் இடத்துக்கு உன் கை எட்டாது. எட்டாததை அடக்குவதாக நினைத்துக்கொண்டு, எட்டுகிற தோலைப் புண்ணாக்குகிறோம்.

எண்ணெய்ச் சுரப்பி முடிக்காலோடு ஒட்டித் தோலுக்குள்ளே இருக்கிறது. நெற்றி, மூக்கு, தாடை ஆகிய இடங்களில் நெருக்கமாக இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கிடையவே கிடையாது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. வயதுக்கு வரும் பருவத்தில் முகம் மினுங்கத் தொடங்குவது அதனால்தான். சுரப்பியையே சுருக்கிவிடும் மாத்திரைகள் உண்டு, ஆனால் அவை தோல் டாக்டர் எழுதிக் கொடுத்துக் கண்காணிக்க வேண்டியவை. உன் டிராலியில் இருப்பவற்றில் நியாசினமைடு சேர்ந்த பூச்சு மட்டும் எண்ணெயை ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, அதுவும் வாரக்கணக்கில் போட்டால். மற்றதெல்லாம் மேலே வந்து படிந்ததைத் துடைப்பதோடு சரி. மூக்கில் நீ அழுத்தி எடுக்கிற வெளிர்நிறத் திரிகளும் பெரும்பாலும் பிளாக்ஹெட்டே இல்லை. எண்ணெய் மேலே வருகிற வழியில் இயல்பாகச் சேரும் படிவு அது. இன்று எடுத்தால் சில வாரங்களில் திரும்ப நிறைந்துவிடும், அழுத்திய இடத்தின் சிவப்பும் தழும்பும்தான் மிச்சம்.

இங்கே நம் பக்கத்தில் நின்றுகொண்டே தவறாகப் பேசுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ரொம்பக் கழுவினால் தோல் பயந்துபோய் இன்னும் அதிகமாக எண்ணெய் சுரக்கும்" என்று அழகுக் குறிப்புகளில் அடிக்கடி படித்திருப்பாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1958இலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் ஷெல்லியும் இதைச் சோதித்து மறுத்துவிட்டார்கள். மேலே எண்ணெய் இருக்கிறதா, துடைத்தாயிற்றா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சுரப்பி சுரப்பதில்லை. அது தன் போக்கில் சுரந்துகொண்டிருக்கும், சில மணி நேரத்தில் முகம் பழையபடி மினுங்கும். ஆகவே கடுமையாகக் கழுவாதே என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு. தோலுக்குள் ஈரத்தைப் பூட்டி வைக்கிற கொழுப்பு, செராமைடு, கொலஸ்ட்ரால் போன்றவை, தோலின் மேலடுக்குச் செல்களே செய்துகொள்பவை. சுரப்பியிலிருந்து வழிகிற எண்ணெய் அந்த வேலையைச் செய்வதில்லை. காரமான சோப்பும் ஸ்பிரிட் கலந்த டோனரும் இரண்டையும் சேர்த்தே உருவிவிடும். வழிகிற எண்ணெய் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடும், பூட்டு சரியாக நாட்கள் ஆகும். முகம் எண்ணெய் வழிந்துகொண்டே வறண்டு, இழுத்து, எரிவது இதனால்தான். "எண்ணெயும் வழியுது, தோலும் உரியுது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் பொய் சொல்லவில்லை.

வெயில் காலத்தில் எண்ணெய் கூடுகிறதா என்றால், கூடுகிறது. தோலின் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் மேலே வந்து சேரும் எண்ணெய் சுமார் 10 சதவீதம் கூடும் என்று 1970இல் இங்கிலாந்தில் கன்லிஃப் குழுவினர் அளந்து சொன்னார்கள். சூட்டில் எண்ணெய் இளகி எளிதாக வழிவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் கஸ்டமர் "எண்ணெய்" என்று சொல்வதில் பெரும்பங்கு வியர்வையாகவும் இருக்கலாம், குறிப்பாகக் கடற்கரை ஊர்களில். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து முகத்தில் படலமாக நிற்கிறது. வேலூர், கரூர் பக்கத்து வறண்ட வெயிலில் அது உடனே காய்ந்து உப்பு தங்கிவிடும். இரண்டு ஊருக்கும் ஒரே ஃபேஷியல் சரிப்படாது. வழிவது எண்ணெயா வியர்வையா என்று கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம். வந்தவரை ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் உட்கார வை. பிறகு ஒரு மெல்லிய டிஷ்யூவை நெற்றியில் ஒற்றியெடு, இன்னொன்றை மூக்கோரத்தில், மூன்றாவதைக் கன்னத்தில். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடி. வியர்வை நனைத்த இடம் சற்று நேரத்தில் காய்ந்து வெள்ளையாகிவிடும், எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்துகொண்டே இருக்கும். நெற்றித் தாள் எண்ணெயாகவும் கன்னத் தாள் வெறும் ஈரமாகவும் இருப்பது சர்வசாதாரணம். அந்தக் கன்னத்தில் எதற்கு முல்தானி மிட்டி?

கழுவுவதற்கு வருவோம். தோலின் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 5ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9க்கும் 10க்கும் இடையில். நம் ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீர், உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து, வழுவழுவென்ற படிவாக முகத்திலேயே ஒட்டிக்கொள்ளும். "இன்னும் பிசுபிசுன்னு இருக்கு" என்று மறுபடி சோப்புப் போடுவார்கள், மறுபடி படியும். சோப்பு இல்லாத மென்மையான ஃபேஸ் வாஷுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எத்தனை முறை கழுவலாம் என்பதற்கு 2006இல் வெளியான சிறிய அமெரிக்க ஆய்வு ஒன்று உதவும். முகப்பரு உள்ள ஆண்களை மென்மையான கிளென்சரால் தினம் ஒரு முறை, இரண்டு முறை, நான்கு முறை கழுவச் சொன்னார்கள். இரண்டு முறை கழுவியவர்களுக்குப் பலன் தெரிந்தது. நான்கு முறையால் கூடுதல் லாபம் இல்லை. காலையும் மாலையும் ஃபேஸ் வாஷ், நடுவில் வியர்த்து வழிந்தால் வெறும் தண்ணீர் அல்லது ஒற்றியெடுக்க ஒரு சுத்தமான கைக்குட்டை. பரு வருகிறவர்களுக்கு மட்டும் சாலிசிலிக் அமிலம் சேர்ந்தது, அதுவும் எரிச்சல் இல்லையென்றால்.

"எங்க பாட்டி கடலை மாவு, பயத்தம் மாவுலதானே முகம் கழுவினாங்க, அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். நியாயமான கேள்வி. பாட்டி தலை முதல் கால்வரை எண்ணெய் தேய்த்து ஊறிய பிறகு மாவைப் போட்டார். பூசிய எண்ணெயை எடுப்பதுதான் அந்த மாவின் வேலை, அதற்கு அது அருமையான பொருள். எண்ணெயே பூசாத முகத்தில் தினமும் மாவைப் பூசிக் காயவிட்டு, உதிர உதிரத் தேய்ப்பது பாட்டி செய்யாத காரியம். குழைவாகப் பூசி, காய்வதற்கு முன்பே தண்ணீர் விட்டு எடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எலுமிச்சைச் சாற்றுக்கு மட்டும் சலுகை கிடையாது. பிஎச் 2 அளவுள்ள புளிப்பு அது, பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கன்றிக் கறுத்துப்போகவும் கூடும். பேக்கிங் சோடா எதிர்ப்பக்கத்துத் தவறு.

மாய்ஸ்சரைசர் என்றதும் முகம் சுளிப்பார்கள். "ஏற்கெனவே வழியுது, இதுல இன்னும் பூசணுமா?" பூட்டைப் பற்றி மேலே சொன்னதை அவர்களுக்குச் சொல். கிளிசரின் உள்ள, எண்ணெய் சேராத ஜெல் போதும், பட்டாணி அளவு. ஏசி அறையில் நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்கு இது கட்டாயம். சன்ஸ்க்ரீனும் ஜெல்லாகவே, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். நம் நிறத்துத் தோலில் பரு ஆறிய பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். பல பெண்களுக்குப் பருவை விட இந்தப் புள்ளிதான் பெரிய கவலை. நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு என்றால் முகத்தைத் தேய்க்குமுன் தலையைப் பார். தேங்காய் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையிலிருந்து வெயிலில் உருகி இறங்கும் எண்ணெயே காரணமாக இருக்கலாம். குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இனி உன் மனதில் இருக்கும் ஆட்சேபம். அழுத்தித் தேய்க்காவிட்டால், எரியவிடாவிட்டால், "இந்தப் பொண்ணு ஒண்ணுமே பண்ணல" என்று அடுத்த தெருப் பார்லருக்குப் போய்விடுவார்களே, வாடகையை யார் கட்டுவது? ஓரிருவர் போகத்தான் செய்வார்கள், அதை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் டிஷ்யூ தாள்களைக் கையில் கொடுத்துக் காட்டினால் பலர் நம்புவார்கள், கண்ணால் பார்த்ததை மறுப்பது கடினம். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணி, நிதானமான கழுத்து மசாஜ் ஆகியவற்றுக்குக் காசு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். வெயிலில் வாடி வந்தவருக்கு ஸ்டீமை விட அதுதான் வேண்டியிருக்கும்.

ஒன்றில் மட்டும் கஸ்டமர் போனாலும் போகட்டும் என்று இரு. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் பூசிய கிரீமால் முகம் சிவந்து, மெலிந்து, பருவும் பொங்கி வருகிறவர்கள் உண்டு. டியூபைக் கொண்டுவரச் சொல்லிப் படி. 2018இல் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றில் சேர்த்த பிறகும் இவை கைமாறுகின்றன. அந்த முகத்தில் ஸ்க்ரப், பிளீச், ஃபேஷியல் எதையும் தொடாதே. கிரீமைத் திடீரென்று நிறுத்தினாலும் பொங்கும் என்பதால், எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். திடீரென்று எண்ணெய் கூடி, தாடையோரம் வலிக்கும் கட்டிகள் வந்து, மாதவிலக்கும் தள்ளிப்போகிற பெண்ணையும் அப்படியே அனுப்பிவை. உனக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்று விசாரித்துக் கல்லாப் பக்கத்துச் சுவரில் எழுதி ஒட்டிவிடு.

அன்புடன்,
அக்கா