சுரங்கச் சேறும் ஆற்று மீனும்: பாதரச நஞ்சு பற்றிக் கமக்காரர் அறியவேண்டியவை

சுரங்கம் மூடப்பட்டவுடன் அதனால் விளையுந் தீங்கும் ஒழிந்துவிடும் என எண்ணுதல் தவறு. சுரங்கத்தார் விட்டுச்சென்ற பாதரசம் ஆற்றுச் சேற்றில் நெடுங்காலந் தங்கும். அது மீன் வழியாகவும், சில இடங்களில் நெல் வழியாகவும் மனிதருடலைச் சேரும். பலாங்கொடைப் பகுதிக் கமக்காரர் தம் வயலையும் ஓயாவையும் காக்கும் பொருட்டு இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

பிற நாடுகளில் நிகழ்ந்தவை

அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் 1848ஆம் ஆண்டிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. மலைச்சரிவுகளை நீரைப் பீச்சிக் கரைத்து, அம்மண்ணை மரத்தொட்டிகளில் ஓடவிட்டுப் பொன்துகளைப் பற்றுதற்குப் பாதரசம் இட்டனர். அவ்வாறு அலசியதில் 100 இலட்சம் இறாத்தலுக்கு மேற்பட்ட பாதரசம் மண்ணோடு போயிற்று என்பது அந்நாட்டு நிலவியலாரின் மதிப்பீடு. கரைத்த மண் தாழ்நிலத்து வயல்களை மூடவே, கமக்காரர் எதிர்த்தெழுந்தனர். மண்ணை ஆற்றில் விடுதலை 1884இல் நீதிமன்றம் தடைசெய்தது. எனினும், அவ்வாறுகள் சிலவற்றின் மீனை அளவோடு உண்ணுமாறு இன்றும் அரசினர் எச்சரிக்கின்றனர்.

சீனாவின் வான்சான் என்னுமிடத்துப் பாதரசச் சுரங்கங்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டன. பின்னர் ஆராய்ந்தபோது, அங்குள்ள மக்களுடலிற் பாதரச நஞ்சு சேர்ந்தது பெரும்பாலும் சோற்றினாலேயே என அறியப்பட்டது.

நஞ்சு சேரும் விதம்

காற்றோட்டமற்ற சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதைல் பாதரசம் என்னுங் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. நீர் தேங்கிய வயற்சேறும் இதற்கு ஏற்ற இடமே. பாசியை உண்ணும் சிற்றுயிரிலும், அதனை உண்ணும் சிறுமீனிலும், சிறுமீனை விழுங்கும் பெருமீனிலும் இந்நஞ்சு படிப்படியாகப் பெருகும். ஆதலால் நீர் தெளிந்திருப்பினும் விரால் போன்ற இரைகொல்லி மீனின் தசையில் நஞ்சு மிகுந்திருத்தல் கூடும். கழுவினும், பொரிப்பினும், அவிப்பினும் அது நீங்காது. உடலிற் சேர்ந்ததிற் பாதியளவு வெளியேறுதற்கு 50 முதல் 70 நாட்கள் வரை செல்லும். இது நரம்பையும் மூளையையுந் தாக்கும். கருவிலுள்ள குழந்தைக்கே பெருங்கேடு.

நம் பகுதியின் நிலை

மாணிக்கக்கல் எடுப்போர் இல்லத்தைக் கூடையிலிட்டு நீரில் அலசுகின்றனர். பாரமான கற்கள் அடியிற் தங்க, அவற்றைக் கண்ணாற் பார்த்துப் பொறுக்குகின்றனர். இம்முறைக்குப் பாதரசம் வேண்டுவதில்லை. ஆகவே, மாணிக்கக் குழி உண்டு என்னும் ஒரே காரணத்தால் ஓயா மீனுக்கு அஞ்சவேண்டியதில்லை. ஆயினும், அலசிய சேறு ஓயாவை மேடாக்கி வயலையுங் கெடுக்கும். வளவை கங்கையும் பெலிகுல் ஓயாவும் கொண்டுசெல்லும் வண்டல் சமனலவெவ நீர்த்தேக்கத்திற் படிகின்றது. ஒருமுறை பாதரசம் சேற்றிற் கலந்துவிடின் அதனைப் பிரித்தெடுத்தல் அரிது. வருமுன் காத்தலே வழி.

செய்யவேண்டியவை

1. ஆற்றுமணலிற் பொன்துகள் தேடுவோர் பாதரசம் கொண்டுவரின் நும் நிலத்தில் இடங்கொடாதீர்.

2. உடைந்த வெப்பமானி, பழைய குழல் மின்விளக்கு ஆகியவற்றை வாய்க்காலிலோ எருக்குழியிலோ எறியாதீர். பாதரசங் கலந்த பழைய விதைநெல் மருந்து எங்கேனும் எஞ்சியிருப்பின் அதனைத் தொடாது அதிகாரிக்கு அறிவியுங்கள்.

3. குழி தோண்டுமுன் மேல்மண்ணைத் தனியே குவித்து வையுங்கள். மூடும்போது அடிமண்ணை முதலிலும், மேல்மண்ணை ஈற்றிலும் இடுங்கள். பின்னர் பசுந்தாளும் கூட்டெருவும் இட்டால் வயல் மெல்லமெல்லத் தேறும்.

4. அலசிய நீரைக் குழியில் தேக்கித் தெளிந்த பின்னரே வாய்க்காலில் விடவேண்டும்.

5. நிலத்தை அகழ்வுக்குக் கொடுப்போர், உத்தரவுப்பத்திரம் உண்டா என முதலிற் பார்த்தல் வேண்டும். குழியை மூடிச் சீர்செய்தற்கெனத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை பிணைப்பணம் பெறுகின்றது. குழி மூடப்படாதிருப்பின் அச்சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இலங்கை 2017இல் ஏற்றுக்கொண்டது. அது பயன்தருவது வாய்க்காலின் தலைமடையில் நிற்கும் கமக்காரரின் விழிப்பினாலேயாம். மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவார்களாக.