பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்போது

தங்கவயலில் பாறை வெடிப்பால் வீடுகள் அதிர்ந்தது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2001-ல் சுரங்கம் மூடியபின் நம் பிள்ளைகள் பலர் பெங்களூரில் சிறு வீடு கட்டிக் குடியேறினர். அங்கே பக்கத்து மனையில் தோண்டும் பள்ளத்தாலும் சுவர் விரிசல் விடக்கூடும்.

காரணம் எளிது. நம் அஸ்திவாரத்தை அடிமண் தாங்குகிறது. பக்கத்து மண் அணைத்துப் பிடிக்கிறது. ஆழமாகத் தோண்டினால் அந்த அணைப்புப் போய்விடும். பள்ளத்தில் ஊறும் நீரை இரவு பகலாக இறைத்தால் நம் மண்ணும் வற்றித் தாழும்.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ல் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அருகில் நின்ற மற்றொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் தகர்த்தபோது, அக்கம்பக்கத்தார் வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

என்ன செய்யலாம்?

1. வேலை தொடங்குமுன் எல்லாச் சுவர்களையும் தேதியுடன் படம் எடுங்கள். ஒரு பிரதியைக் கட்டுபவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

2. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்துப் பதியுங்கள். அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். ரயில்வேயில் பழைய பாலங்களை நான் இப்படித்தான் கண்காணித்தேன்.

3. உடைந்த அன்றே மாநகராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

1882-ம் வருட ஈஸ்மென்ட் சட்டப்படி, இயற்கை நிலையிலுள்ள நம் மண்ணைப் பக்கத்து மண் தாங்கி நிற்பது நம் உரிமை. அதன்மேல் கட்டிய வீட்டுக்கு அந்த உரிமை கிடைக்க, தடையின்றி 20 ஆண்டுகள் கழிய வேண்டும். ஆகவே புது வீட்டுக்காரர்கள் படங்களையும் கடிதங்களையும் பத்திரமாக வைத்திருங்கள்.