வட்டபுலுவவில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

கிருலப்பனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் விடுமுறைக்குக் கண்டி போகும் குடும்பங்கள் தலதா மாளிகையையும் வாவியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. மகாவலிக் கரையிலுள்ள வட்டபுலுவவுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். மலாய்ப் படைக்குத் தலைமை தாங்கிய பிரித்தானிய அதிகாரி மேஜர் அடம் டேவியின் அணி 1803 ஜூனில் அழிந்தது அங்கேதான்.

செய்ய வேண்டியவை

• மலாயரிடமிருந்து தொடங்குங்கள். ஜாவா முதலிய தீவுகளிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுவந்த படையினர் அவர்கள். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமானதும் அவர்கள் சேவகமும் கைமாறியது. அவர்கள் வழிவந்தோர் இன்றும் கொம்பனித்தெருவில் வாழ்கிறார்கள்.

• முத்துசாமிக்கு நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பிரித்தானிய ஆளுநர் நோர்த் கண்டி அரியணைக்கென்று கொண்டுவந்த நாயக்க இளவரசர் அவர். கண்டியில் சரணடைந்து வெளியேறிய டேவியின் ஆட்களை ஆற்றுவெள்ளம் மறித்தது. முத்துசாமியைத் தந்தால் வழிவிடுவோம் என்றது கண்டித் தரப்பு. டேவி தந்தார், இளவரசரின் தலை போயிற்று. பிறகு ஆங்கிலேயச் சிப்பாய்களையும் வெட்டினார்கள். நம்பி வந்தவரைக் கையளித்தது எந்த நெருக்கடியிலும் தவறே.

• கப்டன் நூருதீனின் பெயரைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள். கண்டி அரசனிடம் சேவகம் செய்யச் சொன்னபோது, ஏற்கெனவே கொடுத்த சத்தியத்தை மீற மறுத்தார் அந்த மலாய் அதிகாரி. அவரையும் அவர் சகோதரரையும் கொன்றார்கள். நம் பாடப்புத்தகங்கள் அவருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

• பழி முழுவதையும் டேவியின் தலையில் கட்டாதீர்கள். பிரித்தானிய ஜெனரல் மக்டோவல் பெரும்படையோடு ஏப்ரலிலேயே கண்டியைவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்துப் பொறுப்பிலிருந்த பார்புட்டைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. டேவியிடம் மிஞ்சியது நோயாளிகள் நிறைந்த காவற்படை.

• தமிழர், சிங்களவர் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லாதீர்கள். முத்துசாமியைப் போலவே கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் நாயக்கர். அரசன் பக்கமும் மலாயர் இருந்தார்கள்.

• அதிகாரிகள் எழுதியதோடு நின்றுவிடாதீர்கள். 1804இல் மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 300 பேருடன் கண்டிக்குப் போய்த் திருகோணமலைக்கு மீண்ட கப்டன் ஆர்தர் ஜோன்ஸ்டன் தன் பயணத்தை நூலாக்கினார். அவருடன் நடந்த மலாயரும் வங்காளச் சிப்பாய்களும் அப்படி ஒரு நூல் எழுதவில்லை.

• கதையை அந்த ஜூன் மாதத்தோடு முடித்துவிடாதீர்கள். உயிர்தப்பிக் கண்டியில் சிறைப்பட்ட டேவி அங்கிருந்து இரகசியமாகக் கடிதங்கள் அனுப்பினார். மீட்பு வரவேயில்லை, 1815இல் கண்டி வீழும் முன்பே இறந்துபோனார். மலாயரோ இலங்கை ரைபிள் படையில் 1873இல் அது கலைக்கப்படும்வரை பணியாற்றினார்கள்.