கடைக்குள் துப்பாக்கி தெரிய வரலாமா?

திருச்செங்கோட்டில் நகைக்கடையும் பைனான்ஸும் நடத்துகிறவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் உண்டு. லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவர் ரிவால்வர் இடுப்பில் தெரியக் கடைக்குள் வந்தால் என்ன செய்வது? பாதுகாப்புக்காக நாமே ஒன்றை வாங்கிக் கல்லாப் பக்கம் கண்ணில் படும்படி வைக்கலாமா?

ரிக் வண்டித் தொழிலிலும் விசைத்தறிக் கூலியிலும் ரொக்கம் புழங்கும் ஊரில் இந்தப் பயம் எழுவது இயல்பு. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளோ, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை ஹோல்ஸ்டரிலோ (இடுப்பில் மாட்டும் உறை) பையிலோ வைத்து, முழுவதும் மூடி, தன் கட்டுப்பாட்டில் கொண்டுபோக வேண்டும் என்கின்றன. எடுத்துக் காட்டுவதற்கும் தடை உண்டு. ஆகவே "லைசென்ஸ்தான் இருக்குதே" என்பது பதில் ஆகாது. உரிமம் ரத்தாகலாம், வழக்கும் வரலாம். அலட்சியமாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

வெளிப்படையாக ஏந்திச் செல்லப் பல மாநிலங்கள் அனுமதிக்கும் அமெரிக்காவிலேயே கடைகள் தயங்குகின்றன. 2019 ஆகஸ்டில் டெக்சாஸின் எல் பாசோ நகரிலுள்ள வால்மார்ட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 23 பேர் உயிரிழந்தார்கள். அடுத்த மாதமே அந்நிறுவனம், துப்பாக்கி தெரிய உள்ளே வர வேண்டாம் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

கண்ணில் படும் துப்பாக்கி திருடனைத் தடுக்கும் என்பது நம்பிக்கை மட்டுமே. திட்டமிட்டு வருகிறவன் முதலில் அதைத்தான் பறிப்பான். நெரிசலில் யார் கை எங்கே போகிறது என்று தெரியாது. பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கியின் குண்டுகள் சிதறிப் பாயும்; கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் குழந்தையோடு வந்த வாடிக்கையாளர்கள். ஓடிவரும் போலீஸுக்கும் கையில் ஆயுதத்தோடு நிற்பவர் முதலாளியா கொள்ளையனா என்று அந்த நொடியில் புரியாது.

சட்டைக்கடியில் உறை புடைத்துத் தெரிந்தால் பதறாதீர்கள். அடிக்கடி கை அதன்மேல் போவது, பேரம் பேசும்போது எடுத்து மேசைமேல் வைப்பது, கூட வந்தவரிடம் கொடுத்துப் போட்டோ எடுப்பது, மது வாடை வீசுவது, இவைதான் கவனிக்க வேண்டியவை. அப்போது குரலை உயர்த்தாமல், "ஏனுங்க, மூடி வெச்சுக்கோங்க, இல்லீன்னா வூட்டுல வெச்சுட்டு வந்துருங்க" என்று சொன்னால் போதும். காரில் விட்டுவரச் சொல்லாதீர்கள். ஆளில்லாத வண்டியிலிருந்து ஆயுதம் களவு போகும். உங்கள் லாக்கரில் வாங்கி வைக்கவும் கூடாது. உரிமம் இல்லாதவர் கைக்கு ஆயுதம் மாறினாலே இருவருக்கும் குற்றம். மறுத்து மிரட்டினால் 112ஐ அழையுங்கள். யாராவது குறிவைத்தே விட்டால் கேட்டதைக் கொடுத்துவிடுங்கள், எதிர்க்க வேண்டாம்.

குறுக்கு வழிகள் சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டப் போனால் எதிரில் இருப்பவன் நிஜமாகச் சுடக்கூடும். மிரட்டல் வழக்கும் உங்கள்மேல் பாயலாம். மலைப்பக்கம் கிடைக்கும் நாட்டுத் துப்பாக்கியை வாங்கி வைப்பது அதைவிட மோசம். உரிமமில்லாத துப்பாக்கிக்குச் சிறைத்தண்டனை நிச்சயம்.

ஆயுதக் காவலர் தேவைப்பட்டால், 2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி அனுமதி பெற்ற ஏஜென்சியை நாடுங்கள். துப்பாக்கி அவருடையதா, அல்லது அவர் ரீட்டெய்னரா (உரிமம் பெற்றவருக்காக ஆயுதம் ஏந்தும் பணியாளர்) என்று கேட்டு, அசல் உரிமத்தில் பெயர், செல்லும் பகுதி, முடியும் தேதி மூன்றையும் பாருங்கள். அவரை டீ வாங்கவோ வண்டி நிறுத்தவோ அனுப்பாதீர்கள். தேர்தல் நேரத்தில் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வதுண்டு. விலக்கு வேண்டுமானால் முன்னதாகவே மனு கொடுங்கள்.

பெரும்பாலான கடைகளுக்கு இதுவும் தேவைப்படாது. காலையில் இரண்டு பேராகத் திறவுங்கள். ரொக்கத்தைத் தினம் ஒரே நேரத்தில் பேங்குக்கு அனுப்பாதீர்கள். காலால் அழுத்தும் அலாரம் பொருத்துங்கள். கேமராப் பதிவின் நகல் கடைக்கு வெளியே சேமிப்பாகட்டும். வைகாசித் தேரோட்டக் கூட்டம் கூடுவதற்கு முன்பே இவற்றை ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுங்கள்.